பனிமலைப் பயணமும் காப்புறுதியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கே செல்வோர் இணுவிலைக் கடந்ததும் மருதனார்மடத்தை அடைவர். மரக்கறிச் சந்தையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் கல்லூரியும், நெடிதுயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் திருவுருவமும் அவ்வூரின் அடையாளங்கள். செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த அந்நிலத்தில் மலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. குடாநாடு முழுவதையும் தேடினும் கிடைப்பது கீரிமலை ஒன்றே. அதுவும் பெயரளவில்தான் மலை. எனினும் அவ்வூரிலும் அயலூர்களிலும் வாழும் முதியோர் பலர் இன்று ஐரோப்பாவில் கோடை பிறந்ததும் அல்ப்ஸ் மலைத்தொடர் உள்ள நாட்டை நோக்கிப் பயணமாகின்றனர்.

இதற்குக் காரணம் வெளிப்படையானது. முன்னொரு தலைமுறையில் யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்குச் சென்று உழைத்து, பென்சனுடன் திரும்பி ஊரில் கல்வீடு கட்டினர். பிற்காலத்தில் பிள்ளைகள் சென்றனர், திரும்பவில்லை. 1980களிலிருந்து சுவிற்சர்லாந்திற் குடியேறிய தமிழர் இன்று ஏறத்தாழ 50,000 பேர் எனக் கணிக்கப்படுகின்றனர். ஆதலின் பெற்றோரே பிள்ளைகளைத் தேடிச் செல்லவேண்டிய காலம் வந்துவிட்டது. மகளின் பிரசவம், பேரனின் பிறந்தநாள், பேர்த்தியின் அரங்கேற்றம் என்று ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டு அழைப்பு வருகிறது. அவ்வாறு சென்ற பெற்றோரை ஒருநாளேனும் பனிமலைக்கு அழைத்துச் சென்று காட்டாமல் அனுப்புவதைப் பிள்ளைகள் குறையாகவே கருதுவர்.

இலக்குவனுக்கு மருந்து வேண்டி அனுமன் மலையையே பெயர்த்து இலங்கைக்குக் கொணர்ந்தான் என்பது இதிகாசம். இன்று இலங்கையிலிருந்து சென்று மலையில் நோயுறுவோருக்கு மருந்து அங்கேயே கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எந்த நிலையிற் கொடுக்காமல் விடுவது என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தமே பயணக் காப்புறுதி. அதனைத் தெரிவுசெய்யும்போது பெரும்பாலோர் ஒரு கேள்வியையே கேட்கின்றனர்: "விசாவுக்கு இது காணுமோ?" கேட்கவேண்டிய கேள்வி தான். ஆனால் அது முதற்கேள்வி மட்டுமே. தூதரகத்துக்குக் காட்டும் தாள் வேறு. மலைமீது துணைநிற்கும் ஒப்பந்தம் வேறு. இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவதிலேதான் இடர் தொடங்குகிறது.

முதலில் தூதரகம் கேட்பதைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடன்று. ஆயினும் எல்லைகளைப் பொதுவாக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகளின் வரிசையில் 2008 டிசெம்பர் 12ஆம் நாள் முதல் அது சேர்ந்துள்ளது. அந்நாடுகளுக்குச் செல்ல விசா கோருவோர் யாவரும் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் விசா விதிக்கோவையில் 15ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. அவசர மருத்துவ உதவி, அவசர வைத்தியசாலைச் சிகிச்சை, நோய் காரணமாக நாடு திரும்பும் செலவு, மரணம் நேர்ந்தால் அதனால் ஏற்படும் செலவு ஆகியவற்றுக்கு அக்காப்புறுதி பொறுப்பேற்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் அது செல்லுபடியாக வேண்டும். தங்கும் நாள்கள் முழுவதையும் அது தழுவ வேண்டும். இவ்வளவே விதி.

இவ்விதி சொல்லாமல் விட்டவை பல. ஏற்கெனவே உள்ள நோயைப் பற்றி அது பேசவில்லை. மலையிலிருந்து மீட்கும் செலவைத் தனியே குறிப்பிடவில்லை. ஒவ்வொரு செலவிலும் காப்புறுதி பெற்றவர் தம் கையாற் கொடுக்கவேண்டிய முதற்பங்கு எவ்வளவு இருக்கலாம் என்றும் கூறவில்லை. விசா அதிகாரி பத்திரத்தின் முகப்பைப் பார்த்து முத்திரையிடுவார். பத்திரத்தின் உள்ளே, சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சிட்ட பக்கங்களைப் படிக்கும் பொறுப்பு பயணிக்கே உரியது. வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பேரப்பிள்ளை ஒருவர் இருப்பின், அவரைக்கொண்டு விலக்குகள் பற்றிய பகுதியை உரக்க வாசிக்கச் செய்து கேட்பது நல்ல ஏற்பாடு. பிள்ளைக்குப் பாடம், பெரியவருக்குப் பயன்.

இனி மலையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். சுவிற்சர்லாந்துக்குச் செல்வோர் மிக விரும்பிக் காணும் இடங்களுள் ஒன்று யுங்பிராவ்யோக் எனப்படும் பனிக்கணவாய். அங்குள்ள புகையிரத நிலையம் கடல்மட்டத்திலிருந்து 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது. பாறையைக் குடைந்து அமைக்கும் பணி 1896இல் தொடங்கி, 1912 ஆகஸ்ட் முதலாம் நாள் அப்பாதை திறக்கப்பட்டது. நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அதன் உச்சியைவிட 900 மீற்றருக்கும் மேலான உயரத்துக்கு, வியர்வை சிந்தாமல், வண்டியில் அமர்ந்தபடியே ஒரு பாட்டி சென்றுவிடுகிறார். அடிவாரத்திலுள்ள இன்ரர்லாக்கன் நகரின் உயரம் 570 மீற்றர் அளவே. காலை உணவை அங்கே உண்டவர் நண்பகலுக்கு முன் பனியின்மேல் நிற்கலாம்.

வசதி பெரிதுதான். உடலுக்கோ அவ்வளவு விரைவில் பழக இயலாது. அவ்வுயரத்திற் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவே. மூச்சொன்றுக்கு உட்செல்லும் பிராணவாயுவும் அவ்விகிதத்திற் குறைகிறது. தலையிடி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியன பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலே தோன்றக்கூடும். இளையோர் சிறிது ஓய்ந்திருந்து தேறுவர். இருதய நோயோ சுவாச நோயோ உள்ள முதியவர்க்கு அது அத்துடன் நில்லாமற் போகலாம். ஆகையால் மலையுச்சி காணும் எண்ணமுடையோர் புறப்படுமுன் தம் வைத்தியரைக் கேட்டறிய வேண்டும். வைத்தியர் வேண்டாம் என்று சொன்ன பயணத்தில் நேரும் நோய்க்குப் பணம் கொடுப்பதில்லை என்ற வாசகம் பல பத்திரங்களில் உண்டு என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும்.

மலையில் நோயுற்றவரைக் கீழே கொண்டுவருவது எப்படி? இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1946 நவம்பர் 19ஆம் நாள் அமெரிக்க இராணுவ விமானமொன்று, பெண்களும் ஒரு சிறுமியும் உள்ளிட்ட 12 பேருடன், கவுலி என்னும் பனியாற்றின்மீது விழுந்தது. எவரும் இறக்கவில்லை, ஆனால் தாம் எங்கே விழுந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு மலைப்பகுதியில் இருப்பதாக அவர்கள் எண்ணினர். தேடுவோரும் முதலில் வேறிடங்களிலே தேடினர். மீட்புப் படையினர் பனியில் நடந்து சென்று அவர்களை அடைந்தனர். பின்னர் நவம்பர் 24ஆம் நாள் சுவிஸ் விமானிகள் இருவர் சறுக்குக் கட்டைகள் பொருத்திய சிறு விமானங்களைப் பனியாற்றின்மீதே இறக்கி, பன்னிருவரையும் காப்பாற்றினர். மலையில் வான்வழியே மீட்கலாம் என்பதை உலகம் கண்டுகொண்டது. 1952இல் சுவிஸ் வான்மீட்பு நிறுவனம் தோன்றிற்று. றேகா என்னும் பெயரால் இன்று அது அறியப்படுகிறது. 1414 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அதன் ஹெலிக்கொப்டர் வரும். மலைப்புறத்து விவசாயிகளின் அடிபட்ட மாடுகளையும் அது தூக்கிச்செல்வதுண்டு. செர்மாற் நகரைத் தன்னகத்தே கொண்ட வல்லிஸ் மாநிலத்தில் ஏற்பாடு சற்று வேறு. அங்கே 144 என்ற இலக்கத்தின் வழியாகவே வான்மீட்பு ஒழுங்குசெய்யப்படுகிறது.

ஹெலிக்கொப்டர் வரும், அதற்குரிய கணக்கும் பின்னால் வரும். ஒருமுறை பறந்து வருவதற்கே சில ஆயிரம் பிராங்க் ஆகிவிடலாம். அந்நாட்டில் வாழ்வோர் பலர் றேகாவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து ஆதரவாளராகின்றனர். தம் காப்புறுதி பொறுப்பேற்காத மீட்புச் செலவை அந்நிறுவனம் அவர்களுக்குத் தள்ளிவிடக்கூடும். ஆயினும் அது சலுகையே. காப்புறுதியன்று என்று அந்நிறுவனமே கூறுகிறது. மகன் ஆதரவாளராக இருப்பதால் ஊரிலிருந்து வந்த தந்தைக்கும் அது உதவும் என்று எண்ணிவிடலாகாது.

இங்கே பத்திரத்தின் சொற்களை நுணுகிப் பார்க்க வேண்டும். நோயாளியை வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்லும் செலவு என்று எழுதியிருப்பது ஒன்று. தேடி மீட்கும் செலவு என்று எழுதியிருப்பது மற்றொன்று. மூடுபனியில் வழிதவறி, காயமின்றி, நடக்கவியலாமல் மலைச்சரிவில் நிற்பவர் நோயாளியல்லர். முதல் வாசகம் மட்டும் உள்ள பத்திரம் அவருக்கு உதவாமற் போகலாம். அடுத்து, ஆபத்தான விளையாட்டுகள் என்ற பட்டியல். பனிச்சறுக்கு அதில் இருக்கும் என்பதை எவரும் ஊகிப்பர். "நாங்கள் என்ன சறுக்கவா போகிறோம்" என்று முதியோர் அப்பக்கத்தைத் திருப்பிவிடுவர். ஆனால் பேரனை மடியில் இருத்திப் பனிவண்டியிற் சறுக்கி வருவதும் சில பத்திரங்களிற் பனி விளையாட்டு என்றே கொள்ளப்படும். குறித்த உயரத்துக்கு மேல் நேரும் எதற்கும் பொறுப்பில்லை என்னும் வாசகமும் சிலவற்றில் உண்டு. 3,454 என்னும் எண்ணை மனத்திற் கொண்டு அவ்வுயரத்தைச் சரிபார்த்தல் வேண்டும். முதியவர்க்கு மலையில் நேரக்கூடிய விபத்து பெரும்பாலும் எளியதே: உறைந்த பனியிற் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிதல். அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். பின்னர் நெடுநாட் படுக்கை வேண்டும். நாடு திரும்பும்போது விமானத்திற் பல இருக்கைகளின் இடத்தைக் கொள்ளும் கட்டிலும் உடன்செல்லும் தாதியும் வேண்டியிருக்கலாம்.

இனி இப்பொருளின் நடுநாடிக்கு வருவோம். அது ஏற்கெனவே உள்ள நோய்.

யாழ்ப்பாணத்தில் அறுபதைக் கடந்தோருள் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவரைக் காண்பது எளிதன்று. எனினும் நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கலியாணம் பேசும் வீட்டில் மறைக்கிறோம். வெளிநாட்டிலுள்ள பிள்ளை கவலைப்படுவாரென்று தொலைபேசியில் மறைக்கிறோம். ஈற்றிற் காப்புறுதிப் படிவத்திலும் மறைக்கிறோம். "கொஞ்சம் சீனி வருத்தம்தானே, அதையும் எழுத வேணுமோ" என்று கேட்பவர் உண்டு. படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் முகவர் சிலரும், விசா விரைவில் வரவேண்டும் என்ற எண்ணத்தில், எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றே குறியிட்டுவிடுகின்றனர். கையொப்பம் முகவருடையதன்று, பயணியினுடையது.

இதில் உள்ள சட்டநெறி பழையது. 1766இல் இலண்டனில் மான்ஸ்பீல்ட் பிரபு என்னும் நீதியரசர் ஒரு வழக்கை விசாரித்தார். சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையிலே பென்கூலனில் ஆங்கிலேயரின் கோட்டை ஒன்று இருந்தது. அதனைப் பகைவர் கைப்பற்றினால் வரும் நட்டத்துக்கு அக்கோட்டையின் ஆளுநர் சார்பிற் காப்புறுதி பெறப்பட்டிருந்தது. 1760இற் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் தமக்குச் சொல்லவில்லை என்று காப்புறுதி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். நீதியரசர் இரண்டு கருத்துகளை நிறுவினார். காப்புறுதி பெறுபவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவர் மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்பது ஒன்று. காப்புறுதி கொடுப்பவர் தாமே அறிந்திருக்கக்கூடியதைக் கேளாமல் விட்டுப் பின்னர் குறைசொல்லலாகாது என்பது மற்றொன்று. அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி பெற்றவரே. பிரெஞ்சுக்காரர் தாக்கக்கூடும் என்பது இலண்டனில் எவருக்கும் தெரிந்திருக்கத்தக்க செய்தி. மருதனார்மடத்திலுள்ள ஓர் இளைப்பாறிய ஆசிரியரின் இரத்தத்தில் எவ்வளவு சீனி உள்ளது என்பதோ கொழும்பிலுள்ள நிறுவனத்துக்கு அவர் சொன்னாலன்றித் தெரிய வழியில்லை. ஆகவே அவ்வழக்கின் முதற்கருத்தே அவரைப் பிணிக்கும்.

மறைத்தது எப்படித் தெரியவரும் என்று ஐயுறலாம். வைத்தியசாலையில் முதலிற் கேட்கப்படுவதே பழைய நோய்களும் உண்ணும் மருந்துகளும் தாம். உயிர் பிழைக்க வேண்டிய வேளையில் எவரும் அங்கே பொய் சொல்லார். அந்த மருத்துவக் குறிப்பு கணக்குடன் சேர்ந்து காப்புறுதி நிறுவனத்தை அடையும். படிவத்தில் இல்லை என்றும் குறிப்பில் பத்தாண்டுகளாக உண்டு என்றும் இருந்தால், மாரடைப்புக்கு மட்டுமன்றி வேறெதற்கும் பணம் மறுக்க நிறுவனத்துக்கு அது காரணமாகலாம். கட்டிய பணமும் வீண். பட்ட கடனும் மிச்சம்.

உண்மையை எழுதினால் நிகழ்வது என்ன? பத்திரத்துக்குப் பத்திரம் இது வேறுபடும். சில, பழைய நோயால் வரும் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் அவசர சிகிச்சைக்கு மட்டும், குறித்த ஓர் எல்லைவரை பணம் கொடுக்கும். வேறு சில, மருத்துவச் சான்றிதழ் பெற்று, கூடுதல் கட்டுப்பணம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கும். கடைசி வகையையே முதியோர் தேட வேண்டும். அது கிடையாவிடின் இரண்டாம் வகையை, எல்லைத்தொகை எவ்வளவு என்று பார்த்து எடுக்க வேண்டும். முதல் வகை விலை மலிவாயிருக்கும். விசாவுக்கும் அது போதும். நீரிழிவும் இருதய நோயும் உள்ள ஒருவருக்கு அது பெரும்பாலும் வெறுந்தாளே. எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று வயது ஏறுந்தோறும் எல்லைத்தொகையைக் குறைத்துவிடும் பத்திரங்களும் உள. முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள தொகை தமக்கும் உரியதா என்று முதியோர் கேட்டறிதல் நன்று.

இதனாற் பாதிக்கப்படுவோர் பெற்றோர் மட்டுமல்லர். சுவிற்சர்லாந்தில் வசிப்போர் யாவரும் 1996 முதல் கட்டாய மருத்துவக் காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும். அதனைக் கண்டு, மகனுடைய காப்புறுதியிலே தந்தையும் அடங்குவார் என்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறில்லை, விருந்தினர் அதிற் சேரார். அதற்கு மேலும் ஒன்று உண்டு. பெற்றோருக்குப் போதிய வருவாய் இல்லை என்று தோன்றும்போது, அழைக்கும் பிள்ளையிடம் அந்நாட்டு அதிகாரிகள் பொறுப்புறுதிப் பத்திரம் கேட்பதுண்டு. விருந்தினரின் வாழ்க்கைச் செலவு, காப்புறுதி கொடுக்காத மருத்துவச் செலவு, திரும்பும் பயணச்செலவு ஆகியவற்றுக்கு 30,000 பிராங்க் வரை தாம் பொறுப்பென்று அதில் பிள்ளை கையொப்பமிடுகிறார். அங்கே வைத்தியசாலைத் துப்புரவுப் பணியிலோ உணவகச் சமையலறையிலோ உழைத்துச் சேர்த்த பணம் அது. ஊரில் படிவத்தை நிரப்பும்போது கொஞ்சம் சீனி என்று மறைத்தது, அங்கே அந்தப் பிள்ளையின் தலையில் விழக்கூடும். அம்மா, அப்பா என்று ஆசையோடு அழைத்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சுமையை எவரும் வேண்டுமென்று வைக்கமாட்டார்.

இயன்றவரை வசிக்கும் நாட்டிலேயே காப்புறுதி பெறவேண்டும் என்பது விசா விதியின் நோக்கம். அங்கு இயலாதபோது வேறு நாட்டிற் பெறவும், பயணியின் பெயரில் இன்னொருவர் பெற்றுக்கொடுக்கவும் அவ்விதி இடமளிக்கிறது. ஆகவே ஊரில் நல்ல பத்திரம் கிடையாவிடின் பிள்ளைகள் அங்குள்ள நிறுவனங்களில் விசாரிக்கலாம். விருந்தினருக்கென்றே அங்கு தனிக் காப்புறுதிகள் உண்டு. அவற்றிலும் பழைய நோய் பற்றிய விலக்கைப் படிக்காமல் எடுக்கலாகாது.

30,000 யூரோ போதுமா என்றால், கை முறிவுக்குப் போதும். இருதய சத்திரசிகிச்சையும் தீவிர சிகிச்சைப் பிரிவிற் சில நாள்களும் சேர்ந்தால் அது விரைவிற் கரையும். கட்டுப்பணத்தில் சிறிது கூட்டினால் எல்லைத்தொகை பெரிதும் உயரும் பத்திரங்கள் இருப்பின் அவற்றைக் கொள்வதே அறிவுடைமை. தொகை யூரோவிலோ டொலரிலோ குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். 2022இல் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்றுவீதம் சில வாரங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ரூபாவிற் குறித்த எல்லை அவ்வேளையில் பாதியாகிப்போயிருக்கும்.

பயணத்தினிடையே இலண்டனிலுள்ள உறவினரையும் பார்த்து வர எண்ணுவோர், பிரித்தானியா ஷெங்கன் நாடன்று என்பதை அறிந்து, அதுவும் பத்திரத்தில் அடங்குகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விசா மறுக்கப்பட்டாற் கட்டிய பணம் திரும்புமா என்பதையும் முன்னரே கேட்கலாம். பெட்டி தொலைதல், விமானம் தாமதித்தல் ஆகியவற்றுக்குரிய சிறு தொகைகளை விளம்பரங்கள் பெரிதாகப் பேசும். அவற்றுக்காக ஒரு பத்திரத்தைத் தெரிவுசெய்வது, வீட்டின் கூரையைப் பாராமல் திரைச்சீலையைப் பார்த்து வீடு வாங்குவதை ஒக்கும்.

நோய் நேர்ந்தவுடன் பத்திரத்திற் கண்ட இருபத்துநான்கு மணிநேரத் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். அறிவியாமற் பெற்ற சிகிச்சைக்குப் பணம் மறுக்கப்படுவதுண்டு. உயிராபத்தான வேளையில் முதலில் அழைக்கவேண்டியது மீட்புப் படையை. காப்புறுதி நிறுவனத்துக்கு அதன்பின் மகனோ மருமகளோ சொல்லலாம். எல்லாக் கணக்குச் சீட்டுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் மூலப்பிரதியாகவே வாங்கிவைக்க வேண்டும். நிறுவனம் நேர்மையின்றி மறுத்ததாகத் தோன்றினால், இலங்கையிற் பெற்ற பத்திரமாயின், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிட வழியுண்டு.

பத்திரத்தின் ஒரு படி பிள்ளையிடமும் ஒரு படி ஊரில் நிற்பவரிடமும் இருக்கட்டும். உண்ணும் மருந்துகளின் வேதிப்பெயர்களை வைத்தியரைக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்து, அவசர இலக்கங்களையும் அதே தாளில் குறித்து, மேற்சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கிறதே எனலாம். கடுங்குளிரில் அதன் மின்கலம் விரைவில் அடங்கிவிடும். இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் அதனை வெளிப்பையில் வையாமல், உடற்சூடு படும்படி உட்சட்டைப் பையில் வைப்பது வழக்கம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது.